ரப்பர் மரப் பலகையைப் பதப்படுத்தி உலர்த்த சுங்கை சிப்புட்டில் பொதுக் கூடம் அமைக்க நிலம் கோரும் மனு

பெறுநர்:
மாவட்ட அதிகாரி அவர்கள்,
மாவட்ட, நில அலுவலகம்,
கோலகங்சார், பேராக்.

அனுப்புநர்:
சுங்கை சிப்புட் வட்டாரச் சிறு மரப்பட்டறைக்காரர்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தோட்டப்புறங்களிலும் கட்டில், மேசை, அலமாரி, சாமி மேடை செய்து பிழைக்கும் பத்துப் பன்னிரண்டு பட்டறைகளின் சார்பில் இந்த மனுவைக் கொடுக்கிறோம். எங்களில் பெரும்பாலோர் தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். அப்பா அம்மா பால்மரம் என்கிற ரப்பர் மரம் சீவினார்கள்; நாங்கள் அதே மரத்தைப் பலகையாக வாங்கி இழைக்கிறோம். எங்கள் கோரிக்கை ஒன்றுதான். அறுத்த ரப்பர் பலகையைப் பதப்படுத்தி உலர்த்த இந்த ஊரில் ஒரு பொதுக் கூடம் வேண்டும். அதற்கு ஒரு துண்டு அரசு நிலத்தை டி.ஓ.எல். என்ற தற்காலிக நில உரிமத்தில் தாங்கள் ஒதுக்கித் தர வேண்டும்.

ஏன் இதை இவ்வளவு அவசரமாகக் கேட்கிறோம் என்பதற்கு ரப்பர் மரத்தின் குணத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. தேக்கு, செங்கால் போன்ற மரங்களில் நடுவே வைரம் பாய்ந்திருக்கும். பூச்சி அதைச் சுலபத்தில் தொடாது. ரப்பர் மரத்தில் அப்படித் தனியாக வைரம் கிடையாது. மரம் முழுவதும் மாவும் சர்க்கரையும். வெட்டிச் சாய்த்த மறுநாளிலிருந்தே பூஞ்சணம் ஏறத் தொடங்கும். சில நாள் போட்டுவைத்தால் வெட்டுமுகத்திலிருந்து நீலக்கறை உள்ளே இறங்கிவிடும். அந்தக் கறையை எவ்வளவு இழைத்தாலும் எடுக்க முடியாது. அதனால் இரண்டு மூன்று நாளுக்குள் அறுக்க வேண்டும். அறுத்த பலகையை உடனே உருளைத் தொட்டியில் அடுக்கி, காற்றை உறிஞ்சி, போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலை அழுத்தத்தில் உள்ளே ஏற்ற வேண்டும். அப்புறம் கில்ன் என்று நாங்கள் சொல்லும் சூட்டறையில் வைத்து, ஈரம் பத்து விழுக்காட்டுப் பக்கம் வரும்வரை பொறுமையாகக் காய வைக்க வேண்டும். அவசரப்பட்டுச் சூட்டை ஏற்றினால் பலகை முறுக்கிக்கொள்ளும், நுனி வெடிக்கும். வெயிலில் அடுக்கிக் காயவைக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். நம் ஊர் மழைக்கும் புழுக்கத்துக்கும் அது ஆகாத வேலை. பலகை காய்வதற்கு முன்பே பூஞ்சணம் பிடித்துவிடும்.

இந்த இரண்டு வேலைக்கும் எங்களிடம் வசதி இல்லை. வெளியூர் ஆலைகளில் கூலிக்குக் கொடுத்தால் பெரிய ஏற்றுமதிக்காரர்களின் சரக்கு முடிந்த பிறகுதான் எங்கள் முறை வரும். அதற்குள் பலகை நீலம் பூத்துவிடும். சரி, பதப்படுத்திய பலகையையே விலை கொடுத்து வாங்கலாம் என்றால், சொன்னபடி பதப்படுத்தியதுதானா என்று பார்த்தவுடன் சொல்ல வழியில்லை.

ஒரு சம்பவத்தை மட்டும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறோம். எங்கள் பட்டறை ஒன்றில் ஒரு குடும்பத்துக்குச் சாமி மேடை செய்து கொடுத்தோம். மருந்து ஏற்றிய பலகை என்று உறுதி சொல்லி ஓர் ஆலை விற்ற மரம் அது. சில மாதம் கழித்து, கீழ்த்தட்டில் காலையில் வெள்ளையாக மாவு சிந்திக் கிடந்ததைப் பார்த்த அந்த அம்மா, திருநீறு கொட்டிவிட்டது என்று துடைத்திருக்கிறார். மறுநாளும் கிடந்தது, அதற்கடுத்த நாளும். விரல் வைத்துத் தேய்த்தால் முகப்பவுடர் போல அவ்வளவு நைஸாக இருந்தது. மேலே நிமிர்ந்து பார்த்தால் குண்டூசி குத்தியது போல வரிசையாகத் துளைகள். மரத்தைத் தின்று மாவாக்கும் வண்டு, மாவுப்பூச்சி. உள்ளே மரம் முழுக்கச் சல்லடையாகிவிட்டது. தைப்பூசத்துக்கு முன்னால் புதிதாக ஒன்று செய்து கொடுத்தோம், அந்தச் செலவு எங்களுடையது. ஆனால் அந்த வீட்டின் பக்கத்து வீடுகளில் யாரும் இன்றுவரை எங்களிடம் மரச்சாமான் கேட்பதில்லை. கடையில் போய் ஒட்டுப்பலகை அலமாரி வாங்கிக்கொள்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

அரசாங்கம் இந்த மரத்தின் அருமையை அறியாதது அல்ல. ஒரு காலத்தில் வயதான பால்மரம் என்றால் விறகுதான். ரப்பர் ஷீட்டு உலர்த்தும் புகைக்கூடத்திலும் செங்கல் சூளையிலும் எரிந்துபோனது. கெப்போங் வன ஆராய்ச்சிக் கழகம் போன்ற இடங்களில் நடந்த ஆய்வுகளால்தான் பதப்படுத்தும் முறை வந்து, அதே மரம் இன்று நாட்டின் மரச்சாமான் ஏற்றுமதிக்கு முதுகெலும்பாக நிற்கிறது. மூவார் வட்டாரத் தொழிற்சாலைகள் எழுந்தது இந்த மரத்தை நம்பித்தான். உள்நாட்டுத் தொழிலுக்கு மரம் கிடைக்க வேண்டும் என்று 2017இல் அறுத்த ரப்பர் பலகையின் ஏற்றுமதிக்கே தடை போட்டார்கள். அந்தத் தடையால் நாட்டுக்குள் நின்ற மரம் எங்களைப் போன்ற சிறு பட்டறைகளுக்கும் உருப்படியாக வந்து சேர, நடுவில் இந்த ஒரு கூடம்தான் குறைகிறது.

காலமும் அதிகம் இல்லை. பால்மரம் இருபத்தைந்து, முப்பது வருடம் பால் கொடுக்கும். பிறகு மறுநடவுக்காக வெட்டுவார்கள். வெட்டிய இடத்தில் மறுபடி ரப்பர் வந்தால் எங்களுக்குக் கவலை இல்லை. பெரும்பாலும் எண்ணெய் எடுக்கும் செம்பனைதான் வருகிறது. 1980களின் தொடக்கத்தில் நாடு முழுவதும் சுமார் 20 லட்சம் எக்டர் ரப்பர் இருந்தது. இன்று ஏறக்குறைய அதில் பாதி. 1877இல் ஒன்பது கன்றுகளை நட்டு இந்த நாட்டின் ரப்பர் கதை தொடங்கியதே கோலகங்சாரில்தான். அந்த முதல் மரங்களில் ஒன்று மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே இன்னும் நிற்கிறது. அதே மாவட்டத்தில் இப்போது சாயும் மரங்களில் எங்கள் கைக்கு எட்டும் பகுதியாவது வீணாகாமல் இருக்க வேண்டும்.

கூடத்துக்கு நாங்கள் கேட்பது பெரிய இடம் அல்ல. ஒரு மருந்துத் தொட்டி, இரண்டு சூட்டறைகள், ஒரு சிறு கொதிகலன், பலகை அடுக்க ஒரு கூரை. ரப்பர் மரத்தை அறுத்தால் பாதிகூடப் பலகையாகத் தேறாது; மீதி மேல்தோல் சிராயும் துண்டும் மரத்தூளும்தான். அதையே கொதிகலனுக்கு எரிபொருளாகப் போடலாம் என்பதால் சூட்டுக்குத் தனியாகச் செலவு வராது. இடம் குடியிருப்புக்குத் தள்ளி இருக்கட்டும் என்று நாங்களே கேட்டுக்கொள்கிறோம். மர ஆலைப் புகையோடும் தூளோடும் வாழ்வது எப்படி என்பது ஆலையோரத்து லயங்களில் வளர்ந்த எங்களுக்குத் தெரியும். இன்னொரு குடும்பத்துக்கு அந்த இருமலைக் கொடுத்துவிட்டுத் தொழில் செய்ய எங்களுக்கு விருப்பம் இல்லை. கொதிகலனை வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறையிடம் முறைப்படி பதிவு செய்வோம். சுற்றுச்சூழல் துறை விதிக்கும் புகைக் கட்டுப்பாட்டுக்கு உட்படுவோம். மருந்துக் கரைசல் ஒரு சொட்டுகூட ஓடையில் கலக்காதபடி சிமெண்டுத் தரையும் வடிகுழியும் கட்டுவோம்.

பணத்துக்குத் தங்களிடம் வரவில்லை. இந்த ஊரில் பிறந்த முன்னாள் அமைச்சர் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டு எங்கள் தாத்தா பாட்டிமார் வேலையும் வீடும் இழக்கும் நிலையில் இருந்தார்கள். அவர்கள் சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பங்கு கட்டி, தோட்டத்தையே வாங்கினார்கள். அந்தச் சங்கம் எங்கள் வீடுகளில் பேச்சாக மட்டும் இல்லை, பழைய பங்குப் புத்தகமாகவும் இருக்கிறது. நாங்களும் கூட்டுறவு ஆணையத்தில் பதிந்து பங்கு சேர்க்கத் தயாராக இருக்கிறோம். ஆனால் நிலம் உறுதியானால்தான் பதிவும் கடனும் நகரும். கடன் கொடுப்பவர் முதலில் கேட்பது இடம் எங்கே என்றுதான்.

ஆகவே ஐயா, பொருத்தமான நிலத்தை அடையாளம் காட்டி, டி.ஓ.எல். விண்ணப்பத்துக்குத் தங்கள் பரிந்துரையைத் தந்து உதவுங்கள். மலேசிய வெட்டுமரத் தொழில் வாரியத்துக்கும் கெப்போங் வன ஆராய்ச்சிக் கழகத்துக்கும் ஓர் ஆதரவுக் கடிதம் எழுதினால், அவர்களின் தொழில்நுட்ப ஆலோசனையைப் பெற்று, தொட்டியையும் சூட்டறையையும் சரியான அளவில் அமைத்துக்கொள்வோம். கூடம் வந்துவிட்டால், தோட்டப்புறப் பிள்ளைகளுக்கு அங்கேயே தச்சு வேலை கற்றுக்கொடுக்க எங்களில் மூத்தவர்கள் முன்வந்திருக்கிறார்கள்.

தாங்களோ நில அலுவலர் ஒருவரோ எங்கள் பட்டறைகளை நேரில் வந்து பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். நல்ல பலகையையும் நீலம் ஏறிய பலகையையும் பூச்சி தின்ற அந்தச் சாமி மேடையின் தட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறோம். தங்களுக்குத் தோதான தேதியைத் தெரிவித்தால் போதும். இந்த மனுவின் மலாய்ப் பிரதியும் கையொப்பத் தாள்களும் பட்டறைகளின் வணிகப் பதிவு நகல்களும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சுங்கை சிப்புட் வட்டாரச் சிறு மரப்பட்டறைக்காரர்கள் சார்பில்,
ஒருங்கிணைப்பாளர்.