திரும்பி வருவது பழைய கட்டி அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மூளைப் புற்றுநோய்க்குப் புது மருந்து என்று உங்கள் பத்திரிகையில் செய்தி வந்தால் விடாமல் படிப்பேன். எல்லாச் செய்தியிலும் ஒரே குறை. மருந்து கொடுத்ததும் கட்டி எவ்வளவு சுருங்கியது என்பதோடு முடித்துவிடுகிறீர்கள், அப்புறம் அந்தக் கட்டி என்ன செய்தது என்று ஒரு வரிகூட இருப்பதில்லை. க்ளியோபிளாஸ்டோமா போன்ற மூர்க்கமான கட்டியில் முக்கியமான விஷயமே அந்த அப்புறத்தில்தான் இருக்கிறது.

கத்தியால் மட்டும் இதைத் தீர்க்க முடியாது என்பது எப்போதோ தெரிந்துவிட்டது. வால்டர் டாண்டி என்ற அமெரிக்க அறுவை நிபுணர் 1920களில் மூளையின் ஒரு பாதியையே எடுத்துப் பார்த்தார், அப்படியும் நோய் திரும்பியது. இப்போது அறுவைக்குப் பின் கதிர்வீச்சு, கூடவே டெமோசோலோமைடு மாத்திரை. 2005ல் வெளியான பெரிய ஆய்வில், கதிர்வீச்சோடு இந்த மாத்திரையும் சேர்ந்தபோது நோயாளிகளின் சராசரி ஆயுள் (சரியாகச் சொன்னால் நடுமதிப்பு) 12.1 மாதத்திலிருந்து 14.6 மாதமாகக் கூடியது. அவ்வளவுதான், இரண்டரை மாதம்! இருந்தும் அதுவே இன்றுவரை அடிப்படைச் சிகிச்சை.

ஏன் இவ்வளவு குறைவு? மாத்திரை செல்லின் டிஎன்ஏவைச் சேதப்படுத்துகிறது, எம்ஜிஎம்டி என்ற புரதம் அந்தச் சேதத்தைச் சரிசெய்துவிடுகிறது. அந்தப் புரதத்தை உருவாக்கும் மரபணு அணைந்து கிடக்கும் கட்டிகளில் மருந்து நன்றாகக் கேட்கிறது, மற்றவற்றில் அவ்வளவாக இல்லை. சில கட்டிகள் வேறு வழியில் போகின்றன. டிஎன்ஏவில் உள்ள பிழைகளைக் கண்டுபிடிக்கும் அமைப்பையே இழந்துவிடுகின்றன. அப்போது சேதமான செல் சாக வேண்டிய நேரத்தில் சாகாமல் பிழைகளோடேயே பெருகுகிறது. கொல்ல வந்த மருந்தே புதுப்புது மரபணு மாற்றங்களைச் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போகிறது.

என்னை உண்மையில் அசரவைத்தது 2014ல் வந்த ஓர் ஆய்வு. இந்தக் கட்டிகள் பலவற்றில் வளர்ச்சியைத் தூண்டும் ஈஜிஎஃப்ஆர் மரபணுவின் நகல்கள் குரோமோசோமுக்கு வெளியே சிறுசிறு வளையங்களாக இருக்கும். அதைக் குறிவைக்கும் மருந்தைக் கொடுத்தபோது, அந்த மரபணுவின் மாறிய வடிவத்தைச் சுமந்த வளையங்கள் செல்களில் வெகுவாகக் குறைந்துபோயின, மருந்து தாக்க வேண்டிய குறியே கிட்டத்தட்ட இல்லை. மருந்தை நிறுத்தினால் வளையங்கள் மறுபடியும் தலைதூக்கின! இதே மாறிய வடிவத்தைக் குறிவைத்து ஒரு தடுப்பூசியும் சோதிக்கப்பட்டது, 2017ல் வெளியான முடிவில் ஆயுள் கூடவில்லை. நோய் திரும்பியவர்களில் பலரது கட்டியில் அந்தக் குறியே காணாமல் போயிருந்தது, தடுப்பூசி போடாதவர்களிடமும்தான்.

இத்தனைக்கும் மரபணு மாறித்தான் ஆக வேண்டும் என்றுகூட இல்லை. ஒரே கட்டிக்குள் நான்கு விதமான நிலைகளில் செல்கள் இருப்பதையும், ஒரு நிலையில் இருப்பது இன்னொன்றாக வேஷம் மாற்றிக்கொள்வதையும் 2019ல் காட்டினார்கள். ஆக, திரும்பி வருகிற கட்டி பழைய பெயரில் இருக்கும் வேறு கட்டி. முதல் அறுவையில் எடுத்த பயாப்ஸி முடிவை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டாம் முறை மருந்து முடிவு செய்வது எவ்வளவு தூரம் சரி? மறுபடியும் திசு எடுத்துச் சோதிப்பது எல்லோருக்கும் சாத்தியமில்லை, மண்டையைத் திறப்பது சின்ன வேலை இல்லையே. ஆனால் முடிகிறவர்களுக்காவது அதைப் பற்றி மருத்துவரிடம் கேட்கலாம் என்று தெரிய வேண்டாமா?

இதையெல்லாம் நீங்கள் எழுதாததால், கட்டி திரும்பியதும் குடும்பத்தில் இருப்பவர்கள் மருந்து தாமதமானதாலோ, சாப்பாட்டில் கவனக்குறைவாக இருந்ததாலோ என்று தங்களையே நொந்துகொள்கிறார்கள். பாவம், செல்லுக்குள் நடப்பதற்கு அவர்கள் என்ன செய்வார்கள்?

அடுத்த முறை புது மருந்துச் செய்தி போடும்போது மூன்று விஷயம் சேருங்கள். புதிதாகக் கண்டறியப்பட்டவர்களிடம் சோதித்தார்களா, நோய் திரும்பியவர்களிடமா? சுருங்கிய கட்டி எத்தனை மாதம் அப்படியே இருந்தது? திரும்பி வந்த கட்டியில் மருந்தின் குறி இன்னும் இருந்ததா? இடமில்லை என்றால் தலைப்பில் இருக்கும் ‘அதிசய மருந்து’ என்பதை எடுத்துவிடுங்கள், ஒரு வரிக்கு இடம் கிடைக்கும்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்