விசில் ஊதுவதும் ஒரு வீட்டுப் பிள்ளைதான்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சிறுவர் கால்பந்து ஆட்டங்களில் பெற்றோர் போடும் கூச்சலைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பெற்றோர் தங்களைக் கட்டுப்படுத்திக்கொள்ள வேண்டும் என்று அதில் சொல்லியிருந்தது சரிதான். ஆனால் அந்தக் கூச்சல் எங்கிருந்து கிளம்புகிறது என்பதைக் கட்டுரை தொடவே இல்லை. நான் கோட்டுக்கு வெளியே நின்று கத்தியிருக்கிறேன். இப்போது நான்கு ஆண்டுகளாக விசிலோடு உள்ளே நிற்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

என் மகளுக்கு அப்போது 12 வயது. எதிரணிப் பெண் ஒருத்தி எங்கள் தடுப்பாட்டக்காரர்களை எல்லாம் தாண்டி நின்று பந்தை வாங்கி கோல் அடித்தாள். "ஆஃப்சைடு!" என்று கத்தினேன். சக ஆட்டக்காரர் பந்தைத் தரும்போது, பந்தையும் எதிரணியின் கடைசிக்கு முந்தைய ஆளையும் தாண்டி அவர்கள் கோல் அருகே நின்று அதை வாங்குவதுதான் ஆஃப்சைடு. என்னைப் பார்த்து இன்னும் நாலைந்து பேர் கத்தினார்கள். நடுவராக இருந்த பையன் கோல் கொடுத்துவிட்டு நடுக்கோட்டை நோக்கி ஓடினான். மீதி ஆட்டம் முழுக்க நாங்கள் அவனை விடவில்லை. கடைசிப் பத்து நிமிடத்தில் ஃபவுல் கண் முன்னால் நடந்தாலும் எங்கள் பக்கம் ஒரு பார்வை பார்த்த பிறகே ஊதினான். ஆட்டம் முடிந்ததும் அவனைக் கூட்டிப்போக அவன் அப்பா வந்தார். பையனுக்கு 15 வயதுதான் என்று அப்போதுதான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து விதிப் புத்தகத்தைத் தேடிப் படித்தேன். அந்தப் பந்து த்ரோ-இன்னிலிருந்து, அதாவது பக்கக் கோட்டைத் தாண்டி வெளியே போன பந்தைக் கையால் உள்ளே எறிவதிலிருந்து, நேராக வந்தது. த்ரோ-இன்னிலிருந்து நேராக வரும் பந்துக்கு ஆஃப்சைடு கிடையாது. கோல் கோட்டைத் தாண்டிப் போன பந்தை மறுபடி உள்ளே உதைக்கும் கோல் கிக், கார்னர் கிக் இரண்டுக்கும் அப்படியே. பையன் சொன்னது சரி. மன்னிப்புக் கேட்கலாம் என்று அடுத்த வாரம் அவனைத் தேடினேன், வரவில்லை. அந்த சீசன் முடியும்வரை அவனைப் பார்க்கவே முடியவில்லை. அது இன்னும் மனதில் கிடக்கிறது.

அதன் பிறகு நடுவர் பயிற்சிக்குச் சேர்ந்தேன். அங்கே கற்றதை வைத்துச் சொல்கிறேன்: பெற்றோரின் கோபத்தில் பெரும்பகுதி விதி தெரியாமல் வருவது. கையில் பந்து பட்டாலே ஹேண்ட்பால் என்று நினைக்கிறோம். வேண்டுமென்றே கையால் தொட்டாலோ, உடம்பை இயல்புக்கு மீறி அகலமாக்கும்படி கையை வைத்திருந்தாலோதான் அது பொதுவாகக் குற்றம். ஆஃப்சைடை பந்து வந்து சேரும் நேரத்தில் பார்க்கிறோம். பார்க்க வேண்டியது சக ஆட்டக்காரர் பந்தை உதைக்கும் அந்தக் கணத்தை. கோட்டோரம் எங்கோ ஒரு மூலையில் சாய்வாக நிற்பவருக்கு யார் முன்னால், யார் பின்னால் என்பது சரியாகத் தெரியவே தெரியாது. அதற்குத்தான் பெரிய ஆட்டங்களில் துணை நடுவர் கடைசிக்கு முந்தைய தடுப்பாட்டக்காரருக்கு நேராகவே ஓடிக்கொண்டிருக்கிறார். சிறுவர் ஆட்டத்தில் பல நேரம் துணை நடுவரே இருப்பதில்லை. தொலைக்காட்சியில் ஒரே கோலை ஆறு கோணத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துப் பழகிய கண்ணோடு வந்து, தனியாக ஓடும் ஒரு பையனிடம் அதே துல்லியத்தைக் கேட்கிறோம்.

சரி, நடுவர்கள் பக்கமும் பேச வேண்டும். எங்களில் சிலர் கோட்டோரம் போய்ப் பெற்றோரோடு வாக்குவாதம் செய்கிறார்கள். அது தவறு. விதிப்படி மஞ்சள், சிவப்பு அட்டைகள் ஆட்டக்காரர்களுக்கும், மாற்று ஆட்டக்காரர்களுக்கும், 2019 முதல் பயிற்சியாளர் போன்ற அணி நிர்வாகிகளுக்கும் மட்டுமே. பார்வையாளருக்கு அட்டை கிடையாது. வெளியிலிருந்து தொல்லை வந்தால் ஆட்டத்தை நிறுத்தவும், இடைநிறுத்தவும், கைவிடவும் ஐந்தாம் விதி நடுவருக்கு அதிகாரம் தருகிறது. அதைப் பயன்படுத்தலாம். ஆட்டத்தை நிறுத்தி, பயிற்சியாளரைக் கூப்பிட்டு, "உங்கள் பக்கம் கொஞ்சம் அமைதியானால் தொடரலாம்" என்று சொன்னால் போதும். அதட்டல் வேண்டாம்.

இன்னொன்று. தவறு என்று தெரிந்தால், ஆட்டத்தை மறுபடி தொடங்குவதற்குள் நடுவர் தன் முடிவை மாற்றிக்கொள்ள விதி இடம் தருகிறது. பல இளம் நடுவர்கள் மாற்றினால் மரியாதை போய்விடும் என்று பயப்படுகிறார்கள். நான் ஒருமுறை த்ரோ-இன்னை எதிர்ப்பக்கம் காட்டிவிட்டு, உடனே கையைத் தூக்கி "என் தவறு, நீல அணிக்கு" என்று சத்தமாகச் சொன்னேன். ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தையில் காரணம் சொல்வதும் அப்படித்தான். "கை உடம்போடு இருந்தது, ஆடு" என்றால் பிள்ளைக்கும் புரிகிறது, வெளியே நிற்கும் அம்மாவுக்கும் கேட்கிறது.

பெற்றோர் கத்துவதில் நியாயம் உள்ள ஓர் இடம் உண்டென்றால் அது காயம். லேசான அடி என்றால் பந்து வெளியே போகும்வரை ஆட்டத்தை விடலாம் என்பது பெரியவர்களுக்குச் சரி. பத்து வயதுப் பிள்ளை தலையில் அடிபட்டு விழுந்து கிடக்கும்போது நடுவர் பந்தைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. உடனே ஊத வேண்டும், கையசைத்து ஆளை உள்ளே கூப்பிட வேண்டும். இதில் தாமதித்த நடுவரைப் பெற்றோர் அந்த ஆட்டம் முடியும்வரை நம்பமாட்டார்கள். அந்தக் கோபத்தை நான் குறை சொல்லமாட்டேன்.

ஆனாலும் நடுவர் எவ்வளவு தவறு செய்தாலும் அவர் மேல் கை வைக்கும் அளவுக்கு எதுவும் போகக் கூடாது. 2012 டிசம்பரில் நெதர்லாந்தின் அல்மீரெ நகரில், தன் மகன் ஆடிய ஆட்டத்துக்குத் தன்னார்வத் துணை நடுவராகக் கொடி பிடித்த ஒரு தந்தையை, ஆட்டம் முடிந்ததும் எதிரணி இளைஞர்கள் அடித்து உதைத்தார்கள். மறுநாள் அவர் இறந்துபோனார். தண்டிக்கப்பட்டவர்களில் பதின்வயதுப் பையன்களோடு அவர்களில் ஒருவனின் தந்தையும் இருந்தார். பிள்ளைகள் அந்தக் கோபத்தைத் தாங்களாகக் கற்றுக்கொண்டிருப்பார்கள் என்று என்னால் நம்ப முடியவில்லை.

போட்டி நடத்துபவர்களிடம் நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியமல்ல. ஆட்டத்துக்கு முன் நடுவர் இரு பக்கப் பெற்றோரிடமும் வந்து, தன் பெயரைச் சொல்லி, இந்த வயதுப் பிரிவுக்கு எந்த விதி எப்படி என்று இரண்டு நிமிடம் பேசட்டும். ஒவ்வொரு அணியும் தன் பெற்றோரில் ஒருவரைக் கோட்டோரப் பொறுப்பாளராக நிறுத்தட்டும். யாராவது கத்தினால் அவர் போய்த் தோளைத் தட்டட்டும். நடுவர் வர வேண்டியதில்லை. சில நாடுகளில் 18 வயது நிரம்பாத நடுவர்கள் கையில் தனி நிறப் பட்டை கட்டிக்கொள்கிறார்கள், இங்கேயும் கட்டலாம். அந்தப் பட்டையை நான் அன்று பார்த்திருந்தால் வாயைத் திறந்திருக்கமாட்டேன். அப்புறம், புகார் இருந்தால் ஒரு நாள் கழித்து எழுத்தில் கொடுங்கள். ஆட்டம் முடிந்து பத்து நிமிடத்தில் சொல்லப்படும் எதையும் யாரும் காது கொடுத்துக் கேட்பதில்லை.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். கால்பந்து விதிகள் மொத்தம் 17. வாரம் ஒரு விதியை, படத்தோடு, உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வெளியிட முடியுமா? ஆஃப்சைடு பதினொன்றாம் விதி. முடிந்தால் அதிலிருந்தே தொடங்குங்கள்.

இப்படிக்கு,
சிறுவர் ஆட்டங்களுக்கு நடுவராக நிற்கும் ஒரு தாய்