முரளிக்கு, பில்ட் கேட்டதற்குப் பதில்

அன்புள்ள முரளிக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீயும் தங்கச்சியும் பிள்ளைகளும் நலம்தானே? அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் முடிந்து வாக்கரை ஓரமாகச் சாத்திவிட்டார். இப்போது மாடிப்படி ஏறிக் காட்டி எங்களைப் பயமுறுத்துகிறார். பெரியவள் பிளஸ் டூ. அதனால் வீட்டில் யாரும் சத்தமாகத் தும்மக்கூட உத்தரவு இல்லை. வாடகை ஏறியிருக்கிறது. திண்டுக்கல் செய்தி இவ்வளவுதான்.

இனி உன் விஷயம். மாசக்கணக்கில் மூச்சுப் பேச்சு இல்லை. போன வாரம் நடுராத்திரி திடீரென்று ஒரே வரி: “மாப்ள, பால்டர்ஸ் கேட் 3 வாங்கிட்டேன், நல்ல பில்டா ஒண்ணு அனுப்பு.” கம்ப்யூட்டர் ஆட்டத்தில் ஆள் செய்ய, எந்த எண்ணை எங்கே போடுவது என்ற ரெடிமேட் கணக்கு வேண்டுமாம் துரைக்கு. அம்மா எப்படி இருக்கிறார் என்று ஒரு வார்த்தை இல்லை. புனே போனதும் மரியாதையெல்லாம் மலையேறிவிட்டது போல. சரி, அதை விடு. அந்த ஒரு வரிக்கு ஒரு வரியில் பதில் போட எனக்கு மனசு வரவில்லை. டீயைப் போட்டுக்கொண்டு உட்கார்.

பில்ட் அனுப்ப மாட்டேன்.

கோபப்படாதே. நான் அனுப்பாவிட்டாலும் யூடியூபில் ஆயிரம் கிடைக்கும். அதில் ஒன்று கண்டிப்பாக அந்த மாங்க் (வெறுங்கையால் சண்டை போடுகிற துறவி) பில்டாக இருக்கும். பலத்தை 8-லேயே வைத்துவிடு, ஹில் ஜயண்ட் எலிக்சிர் என்ற மருந்து கடையில் கிடைக்கும், ஒன்று குடித்தால் அடுத்த நீண்ட ஓய்வு வரை பலம் 21, டாவர்ன் பிராலர் என்ற தனித்திறமையை எடுத்துக்கொள், அப்புறம் வெறுங்கையாலேயே எல்லோரையும் முடித்துவிடலாம் என்பார்கள். கணக்கு சரியான கணக்குதான். நானும் ஆடிப் பார்த்தேன், அந்த அடி வேறு எவனும் அடிக்க மாட்டான். ஆனால் கூட வருகிற ஷேடோஹார்ட்டும் கேலும் தங்கள் உயிர்ப் பிரச்சினையைச் சொல்லி அழும்போது, என் ஆள் எந்தக் கடையில் இன்னும் இரண்டு குப்பி கிடைக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தான். அவன் பெயர்கூட இப்போது எனக்கு ஞாபகம் இல்லை.

நீ இப்போது அந்த கேரக்டர் செய்கிற திரையில்தான் முழித்துக்கொண்டிருப்பாய் என்று தெரியும். பன்னிரண்டு க்ளாஸ் (ஆளின் தொழில்), ஆறு ஸ்டாட் (பலம், புத்தி, கரிஸ்மா என்கிற பேச்சு வசீகரம் மாதிரி), கையில் 27 பாயிண்ட். எல்லா ஸ்டாட்டும் 8-ல் ஆரம்பிக்கும், 15-க்கு மேல் ஏற்ற முடியாது. 13 வரை ஏற்ற ஒரு படிக்கு ஒரு பாயிண்ட். 14-க்கும் 15-க்கும் இரண்டிரண்டு. அதாவது ஒரு 15-க்கு விலை ஒன்பது. மூன்று 15 வாங்கினால் 27-ம் தீர்ந்தது, மீதி மூன்றும் 8-லேயே கிடக்கும். இல்லையென்றால் மூன்று 13, மூன்று 12. அதுவும் சரியாக 27-தான், போட்டுப் பார். அந்த ஆளிடம் ஒரு குறையும் இருக்காது. அவனைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இருக்காது. நம் ஹெச்.ஓ.டி. மாதிரி. (இதற்கு மேலே பிளஸ் இரண்டு, பிளஸ் ஒன்று என்று தனியாகத் தருவார்கள், அதை எங்கே வேண்டுமானாலும் போடு.)

1974-ல் கைகாக்ஸும் ஆர்னிசனும் இதற்கெல்லாம் மூலமான டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேஜை ஆட்டத்தைப் போட்டபோது இந்தப் பேரமே கிடையாது. ஒவ்வொரு ஸ்டாட்டுக்கும் மூன்று பகடை, விழுந்தது விழுந்ததுதான். புத்தி 6 விழுந்தால் மந்திரவாதி ஆசையை மறந்துவிட்டு வேறு வேலை பார்க்க வேண்டும். கம்ப்யூட்டருக்கு வந்ததும் நாம் அதைக் கெடுத்தோம். யார் கெடுத்தது என்று உனக்கே தெரியும். 1998-ல் வந்த முதல் பால்டர்ஸ் கேட், நம் ஹாஸ்டலுக்கு அந்த ஐந்து சிடியும் வந்து சேர்ந்தபோது எல்லோருக்கும் அரியர் இருந்தது. பஷீர், பகடையை மறுபடி உருட்டுகிற ரீரோல் பட்டனைப் பிடித்தவன் விடிகிற வரை விடவில்லை. பலம் 18/00 (அதுதான் உச்சம்) வந்தால்தான் ஆடுவேன் என்று சபதம். விடியற்காலை வந்தது! அந்த நேரம் பார்த்து நீ போய் அவன் கை மேல் கை வைத்து இன்னொரு தடவை கிளிக் பண்ணினாய் பார், இன்றுவரை அவன் உன்னை மன்னிக்கவில்லை. விழுந்த எண்ணைச் சேமிக்கிற ஸ்டோர் பட்டனை அவன் அழுத்தியிருந்தால் அவ்வளவு ரகளை நடந்திருக்காது.

சரி, இப்போது என் ஆளைப் பற்றிச் சொல்கிறேன். அதற்காகத்தான் இவ்வளவு நீளம்.

போன தீபாவளி லீவில் ஒரு க்னோமைச் செய்தேன். க்னோம் என்றால் குள்ள இனம். இவன் காட்டு க்னோம், க்ளாஸ் பார்பேரியன், அதாவது ஆவேசமாக அடிக்கிற முரடன். ஆள் என் இடுப்பு உயரம்கூட வர மாட்டான். பலம் இருக்கிறது, உடம்பு தேக்கு. புத்தி 8, கரிஸ்மா 8. காட்டு க்னோம் என்பதால் மிருகங்களோடு பேச வரும். மனுஷர்களோடு பேசத்தான் வராது. ஆனால் பேசினால் எல்லாம் சரியாகிவிடும் என்று முழுமனதாக நம்புகிறவன். அதுதான் அவனைப் பற்றி நான் முடிவு செய்த ஒரே விஷயம்.

கரிஸ்மா 8 என்றால் பகடையில் விழுந்த எண்ணோடு மைனஸ் ஒன்று, 17 என்றால் பிளஸ் மூன்று. இருபது முகப் பகடையில் ஒரு எண் கூடினால் ஐந்து சதவீதம். பத்து எடுக்க வேண்டிய இடத்தில் என் க்னோமுக்குப் பாதிக்குப் பாதி, 17 வைத்திருக்கிறவனுக்கு 70 சதவீதம். இவ்வளவுதான் வித்தியாசம்! வாய் பேசத் தெரியாதவன் என்று நாம் நினைக்கிறவனும் இரண்டில் ஒரு தடவை ஜெயிக்கிறான். அதனால்தான் அவனுக்குத் தன் மேல் அவ்வளவு நம்பிக்கை.

ஆரம்பத்திலேயே எமரால்ட் க்ரோவ் வரும். அங்கே ஒரு சின்னப் பெண், அரபெல்லா, சாமிச் சிலையைத் திருடினாள் என்று பிடித்து வைத்திருப்பார்கள். காகா என்று ஒருத்தி, டிரூயிட்கள் என்கிற காட்டுப் பூசாரிகளின் இடைக்காலத் தலைவி, பாம்பை விட்டு அந்தக் குழந்தையை மடக்கி நிறுத்தியிருப்பாள். வெளியே அப்பா அம்மா கதறிக்கொண்டிருக்கிறார்கள். என் ஆள் சும்மா இருப்பானா? குழந்தையை விட்டுவிடும்மா என்று கேட்கப் போனான். கையில் இன்ஸ்பிரேஷன் ஒன்றும் இல்லை, மறுபடி உருட்ட வழியில்லை. பகடை சுற்றியது. ஆறு. மைனஸ் ஒன்று போக ஐந்து. பாம்பு குழந்தையைக் கொத்திக் கொன்றுவிட்டது.

எஃப்8 அழுத்தினால் முந்தைய சேவ் வந்துவிடும். விரல் அங்கேதான் இருந்தது. யார் பார்க்கிறார்கள்? இருந்தும் அழுத்தவில்லை. ஏனென்று கேட்டால் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அழுத்தினால் குழந்தை பிழைக்கும், க்னோம் போய்விடுவான் என்று தோன்றியது. வெளியே வந்தால் அந்தத் தாய் நிற்கிறாள். நான் பாத்ரூம் போகிற சாக்கில் எழுந்து போனேன், முரளி. நாற்பது தாண்டிய ஆள், ஒரு பொம்மைக்குப் பதில் சொல்ல முடியாமல்.

அதற்கப்புறம் அவனை நான் ஆடிய விதமே மாறிவிட்டது. குழந்தைகள் இருக்கிற இடத்தில் அவனைப் பேச விடவில்லை. இந்த ஆட்டத்தில் பேச்சு ஆரம்பித்த பிறகு ஆளை மாற்ற முடியாது, யார் போய் நிற்கிறானோ அவன்தான் பேச வேண்டும். அதனால் ஒவ்வொரு தடவையும் முன்கூட்டியே வில் என்கிற கூட்டாளியை முன்னால் அனுப்பிவிட்டு (அந்த வார்லாக், அதாவது மந்திரக்காரப் பையன், நல்ல வாய்) க்னோம் பின்னால், வழியில் சேர்ந்த நாயோடு நிற்பான். மூன்றாம் லெவலில் மிருகங்களோடு ஒட்டிய வைல்ட்ஹார்ட் பிரிவை எடுத்தேன், அவன் மிருகங்களோடு இருந்துகொள்ளட்டும் என்று. இதை எந்த வீடியோவும் பில்ட் என்று சொல்லாது. எனக்கு அந்த ஆள் அங்கேதான் உருவானான், 27 பாயிண்ட் போட்ட திரையில் இல்லை.

இப்போது முக்கியமான எச்சரிக்கை. சீக்கிரமே ஒரு பாழடைந்த கல்லறையில் விதர்ஸ் என்று ஒரு எலும்புக்கூட்டுத் தாத்தா உனக்குக் கிடைப்பார். கேம்ப்பிலேயே வந்து தங்கிக்கொள்வார். நூறு தங்கம் கொடுத்தால் உன் ஆளை மொத்தமாகக் கலைத்துத் திரும்பக் கட்டலாம். க்ளாஸைக்கூட மாற்றலாம், எத்தனை தடவை வேண்டுமானாலும். இந்த ஆட்டத்தைச் செய்த லாரியன்காரர்கள் புத்திசாலிகள், நூறு மணி நேரம் ஆடுகிற ஆட்டத்தில் இருபதாவது மணி நேரத்தில் ஒருவன் மாட்டிக்கொண்டு விட்டுவிட்டுப் போகக்கூடாது என்று வைத்திருக்கிறார்கள். அதில் நியாயம் இருக்கிறது. டயாப்லோ 2 ஞாபகம் இருக்கிறதா? லெவலுக்கு ஐந்து ஸ்டாட், ஒரு ஸ்கில் பாயிண்ட், ஒரு தடவை போட்டால் போட்டதுதான். 2000-ல் வந்த ஆட்டம், திருத்திக்கொள்ள வழி கொடுத்தது 2010-ல், 1.13 பேட்சில். பத்து வருஷம்! உன் நெக்ரோமான்சர் அதில் எத்தனை தடவை அநாதையானான். அந்தக் கொடுமை திரும்ப வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு பூட்டு திறக்கவில்லை என்பதற்காக ரோக் ஆகி, சண்டைக்கு முன்னால் மறுபடி ஃபைட்டர் ஆகி, இப்படி விதர்ஸிடம் போய்ப் போய் வந்தால் உனக்கு ஆளே இருக்க மாட்டான். முதல் அத்தியாயம் முடிகிற வரை தாத்தா பக்கம் போகாதே. என் ஒரே நிபந்தனை.

குறையை வைத்து ஆட்டம் கட்டத் தெரிந்தவர்கள் ஃபால்அவுட் ஆட்டத்தைச் செய்தவர்கள். உனக்கு அது பிடிக்கவில்லை, இரண்டாவது நாளே கைவிட்டாய். அதில் புத்தியை 4-க்குக் கீழே வைத்தால் உன் ஆளுக்குப் பேச்சே வராது, உறுமல்தான். ஊரில் பாதி பேர் உன்னிடம் வேலை கொடுக்க மாட்டார்கள். ஃபால்அவுட் 2-ல் (1998) க்ளாமத் ஊரில் டார் என்று மாடு மேய்க்கிற ஒருவன் இருக்கிறான், எல்லோருக்கும் அவன் மண்டு. நீயும் மண்டாகப் போய் அவனிடம் பேசினால் இரண்டு பேரும் பண்டிதர்கள் மாதிரி அழகாகப் பேசிக்கொள்வார்கள். புத்திசாலியாக ஆடுகிறவனுக்கு அந்தப் பேச்சு காதில் விழாது. இதைக் கண்டுபிடித்த அன்று நான் உனக்குப் போன் போட்டேன், நீ மீட்டிங்கில் இருந்தாய்.

டிஸ்கோ எலிசியம் என்ற துப்பறியும் ஆட்டம் இன்னும் மோசம், அதாவது இன்னும் நல்லது. 2019-ல் எஸ்டோனியாக்காரர்கள் செய்தது. இருபத்து நான்கு ஸ்கில், ஒவ்வொன்றும் மண்டைக்குள் உட்கார்ந்து பேசும். உடம்புக்குப் பாயிண்ட் போடாமல் விட்டால் ஆட்டம் தொடங்கிய அறையிலேயே, விளக்கைப் போட்டு நெஞ்சுவலி வந்து சாகலாம். அது போகட்டும், கூடுதலாகப் போட்டாலும் தொல்லைதான். என்சைக்ளோபீடியா என்ற ஸ்கில்லை ஏற்றிவிட்டால் கொலையை விசாரிக்கிற நேரத்தில் யாருக்கும் வேண்டாத தகவலை ஒப்பித்துக்கொண்டே இருக்கும். எனக்கு அதில் என் பெரியப்பா தெரிந்தார்.

பஷீர் இதையெல்லாம் ஒத்துக்கொள்ள மாட்டான். எண்களோடு மல்லுக்கட்டுவதும் ஆட்டம்தான், பன்னிரண்டு லெவலுக்குள் எதை எங்கே ஒட்டவைப்பது என்பது ஒரு கைத்தொழில் என்பான். ஒரே சேவ், செத்தால் போச்சு என்கிற ஹானர் மோடை அவன் முடித்தவன். அவன் போட்ட பில்டைப் பார்த்தேன், வாய் பிளந்தேன். அதனால் அவனை நான் கேலி செய்வது பாதிதான் நிஜம்.

அவன் பேச்சு வந்துவிட்டது, சொல்லிவிடுகிறேன். உனக்கும் அவனுக்கும் நடக்கிற அந்த நிலத் தகராறில் யார் பக்கம் நியாயம் என்று எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு. இரண்டு பேரிடமும் சொல்லப் போவதில்லை. ஆனால் இரண்டு வருஷமாக என் வீட்டு விசேஷத்துக்கு ஒருத்தன் காலையில் வந்து போகிறான், இன்னொருத்தன் சாயங்காலம் வருகிறான். சாப்பாட்டுக்கு இலை போடுகிறவளுக்கே சிரிப்பு வருகிறது. உன் தம்பி கல்யாணப் பத்திரிகை அவனுக்குப் போகவில்லை என்று கேள்விப்பட்டேன். தப்புடா. நீ ஆட்டம் வாங்கியதை நான்தான் அவனிடம் சொன்னேன். ஒரு நிமிஷம் பேச்சில்லை. அப்புறம் கேட்டான்: “என்ன க்ளாஸ் எடுக்குறானாம்?”

நாலு பேர் வரை சேர்ந்து ஆடலாம். சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு மேல், பெரியவள் படித்து முடித்த பிறகு, நான் அறை திறக்கிறேன். அவனுக்கும் சொல்லிவிட்டேன், வருவான். நீ நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேச வேண்டாம். அந்தக் கதவை யார் உடைப்பது, பொறியை யார் கழற்றுவது என்று மட்டும் பேசு. வழக்கமாக நீங்கள் இரண்டு பேரும் சண்டை போடுவதும் அதற்குத்தானே.

ஆளைச் செய்துவிட்டு வா. ஒரு ஸ்டாட்டையாவது 8-ல் வை. எதை என்று தெரியாவிட்டால் தங்கச்சியைக் கேள், யோசிக்காமல் சொல்வாள்.

அன்புடன்,
செந்தில்

பி.கு.: வழியில் ஸ்க்ராட்ச் என்று ஒரு நாய், செத்துப்போன எஜமானுக்குக் காவலாக உட்கார்ந்திருக்கும். அதை மிரட்டித் தொலைக்காதே. பஷீர் நாய் விஷயத்தில் எப்படி என்று உனக்கே தெரியும், அப்புறம் நான் பஞ்சாயத்துக்கு வர மாட்டேன்.