பண்டிகை ஆர்டர்களை ஏன் அளவோடு நிறுத்திக்கொள்கிறோம்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பண்டிகைக்கான கடைசிப் பாத்திரத்தையும் அனுப்பி, அடுப்புகளைத் துடைத்து வைத்துவிட்டு, வீட்டார் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்ட பிறகு இந்த மடலை எழுதுகிறோம். ஒரு குடும்பம் ஆவலோடு காத்திருக்கும் நாளில், அதன் விருந்தை வெளியார் கையில் ஒப்படைப்பது எளிதான காரியமில்லை. இந்த ஆண்டும் அந்த நம்பிக்கையை எங்கள் மேல் வைத்த உங்கள் ஒவ்வொருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஆர்டர் தர வந்து, "இதற்கு மேல் எடுக்க இயலாது" என்ற பதிலோடு திரும்பியவர்களும் உங்களில் இருக்கிறீர்கள். உங்களுக்கு நன்றியோடு ஒரு விளக்கமும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

எங்கள் தொழில் அம்மாவின் அடுப்படியில் தொடங்கியது. வேலை பெருகியபோது அவருடைய அளவுகளை எழுதி வைக்க முற்பட்டோம். அம்மா உப்பை எப்போதும் கையால்தான் அள்ளிப் போடுவார். அந்தக் கையளவைத் தராசில் நிறுத்துப் பார்த்தபோது ஒரு செய்தி புலப்பட்டது: கல் உப்பு இருக்கும் நாளில் அவர் கை நிறைய அள்ளினார்; தூள் உப்பு இருக்கும் நாளில் விரல் நுனியோடு நிறுத்திக்கொண்டார். கல் உப்பில் பரல்களுக்கு நடுவே இடைவெளி மிகுதியாக இருப்பதால், ஒரே கரண்டியில் அள்ளினாலும் தூள் உப்பின் எடையே கூடுதலாக வரும். யாரும் சொல்லித் தராமலே அவர் கை அதை அறிந்திருந்தது. அன்றிலிருந்து எங்கள் சமையல் குறிப்பேட்டில் கரண்டிக் கணக்கு இல்லை. எல்லாம் கிராம் கணக்குதான்.

எடை கிடைத்துவிட்டால் பெருக்கிக்கொண்டே போகலாம் என்று நம்பியது எங்கள் பிழை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பண்டிகையின்போது, வந்த ஆர்டர் எதையும் மறுக்க மனமில்லாமல், வழக்கமாகப் பல பாத்திரங்களில் வைக்கும் குழம்பை ஒரே பெரிய அண்டாவில் வைத்தோம். பொருள்கள் அனைத்தும் சரியான விகிதத்தில்தான் சேர்ந்தன. ஆயினும் வெங்காயம் சிவக்கவே இல்லை, குழம்பு நீர்த்து நின்றது, அதைச் சுண்ட வைக்க முயன்றபோது அடி பிடித்தது. நெடுநாளைய வாடிக்கையாளர் ஒருவர் மறுநாள் தொலைபேசியில் அழைத்து, "இது அம்மா வைத்த குழம்பு மாதிரி இல்லையே" என்று மட்டும் சொன்னார். அவர் குரலில் கோபமே இல்லை. எங்களுக்கு அதுதான் பெரிதும் வலித்தது.

நடந்தது என்னவென்று பிறகு பொறுமையாக ஆராய்ந்தோம். ஒரு பாத்திரத்தின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் இரு மடங்காக்கினால் அதன் கொள்ளளவு எட்டு மடங்காகும். ஆனால் நெருப்புப் படும் அடிப்பரப்பும் ஆவி வெளியேறும் மேற்பரப்பும் நான்கு மடங்குதான் ஆகும். அதாவது, ஒவ்வொரு கரண்டிக் குழம்புக்கும் கிடைக்கும் பரப்பு பாதியாகக் குறைந்துவிடுகிறது. தண்ணீரை எட்டு மடங்கு ஊற்றினால் அது சுண்டுவதற்கு வழியில்லை. வெங்காயத்தின் கதையும் இதுவே. அதன் எடையில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்குக்கு மேல் நீர்தான். அகலமான சட்டியில் கொஞ்சமாகப் போட்டால் அந்த நீர் உடனுக்குடன் ஆவியாகிப் போய், வெங்காயம் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடேறிச் சிவக்கத் தொடங்கும். மலை போலக் குவித்துப் போட்டால் தன் நீரிலேயே வெந்துகொண்டிருக்கும். சிவந்த வெங்காயத்தின் மணமும் இனிப்பும் அதற்கு வராது. வீட்டுச் சமையலின் ருசி என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி, சிறிய பாத்திரம் தரும் ருசிதான் என்பது எங்கள் உறுதியான எண்ணம். ஆகவே இன்றைக்கும் சிறு பாத்திரங்களில், ஈடு ஈடாகத்தான் சமைக்கிறோம். எங்களிடம் இருக்கும் அடுப்புகளும் கைகளும் ஒரு நாளில் எத்தனை ஈடு தாங்குமோ, அத்தோடு ஆர்டரை நிறுத்திவிடுகிறோம்.

ருசியைவிட முக்கியமான இன்னொரு காரணமும் உண்டு. பெரிய அண்டாவில் இருக்கும் உணவு ஆறுவதற்கு வெகுநேரம் எடுக்கும். மேலே கை வைத்தால் ஆறியது போலத் தோன்றும். நடுவில் மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும். நோய்க்கிருமிகள் பெருக அந்தச் சூடே ஏற்றது. உலக சுகாதார நிறுவனம் வகுத்த உணவுப் பாதுகாப்பு நெறிகளின்படி, சமைத்த உணவு 60 டிகிரிக்கு மேல் சூடாகவோ 5 டிகிரிக்குக் கீழ் குளிர்ச்சியாகவோ இருக்க வேண்டும். இடைப்பட்ட நிலையில், சாதாரண அறைச் சூட்டில், இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடக் கூடாது. அதனால்தான் உணவைத் தட்டையான அகலப் பாத்திரங்களில் மாற்றி விரைவாக ஆற வைக்கிறோம்.

விருந்தில் மிஞ்சியதை நீங்களும் அவ்வாறே தாழ்வான பாத்திரங்களில் பிரித்துக் குளிர்பெட்டியில் வைக்குமாறு வேண்டுகிறோம். மறுபடி சூடாக்கும்போது ஓரம் மட்டும் கொதித்தால் போதாது. நன்றாகக் கிளறி, நடுப்பகுதியும் 70 டிகிரியைத் தாண்டி ஆவி பறக்கும்வரை சூடாக்க வேண்டும். சோற்றில் கூடுதல் கவனம் தேவை. அரிசியில் இயல்பாக இருக்கக்கூடிய ஒரு வகை நுண்ணுயிரின் வித்துகள் கொதிநீரிலும் அழிவதில்லை; சோறு வெளியே கிடந்தால் அவை முளைத்து நஞ்சை உண்டாக்கலாம், அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. வெகுநேரம் வெளியே இருந்த சோற்றை, எத்தனை மனக்கஷ்டமாக இருந்தாலும், தவிர்த்துவிடுங்கள்.

இந்த ஆண்டு திரும்பி வந்த பாத்திரம் ஒன்றில் நான்காக மடித்த ஒரு தாள் இருந்தது. "எல்லாம் அருமை. காரம் மட்டும் கொஞ்சம் குறைந்திருந்தால் பாட்டியும் சாப்பிட்டிருப்பார்" என்று பென்சிலால், குழந்தையின் கையெழுத்தில் எழுதியிருந்தது. அம்மா அதை இரண்டு முறை படித்துவிட்டு, மசாலா டப்பா இருக்கும் தட்டில் பத்திரமாக வைத்தார். அடுத்த பண்டிகையிலிருந்து ஒவ்வோர் ஈட்டிலும் காரம் சேர்க்கும் முன் ஒரு சிறு பகுதியைத் தனியாக எடுத்து வைக்கப் போகிறோம். முதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் காரம் குறைந்த உணவு வேண்டுவோர், ஆர்டர் தரும்போதே எத்தனை பேருக்கு என்று சொல்லிவிடுங்கள்.

இடம் இல்லாமல் இந்த முறை திரும்ப நேர்ந்தவர்களின் பெயர்களைக் குறித்து வைத்திருக்கிறோம். அடுத்த பண்டிகைக்கான பதிவை அவர்களிடமிருந்தே தொடங்குவோம்; பிறகுதான் மற்றவர்களுக்கு. அடுப்படியில் நின்றவர்கள் ஓய்வெடுக்க வேண்டியிருப்பதால், நாளையும் நாளை மறுநாளும் சமையற்கூடம் இயங்காது. எங்கள் பாத்திரங்கள் உங்களிடம் இருந்தால் அவசரமில்லை. மூன்றாம் நாள் காலையிலிருந்து எப்போது வேண்டுமானாலும் கொண்டுவந்து கொடுக்கலாம்.

நன்றியுடன்,
சமையற்கூடத்துக் குடும்பத்தார்