கடற்பாலத்தில் எங்களுக்கும் ஒரு தடம்: இரு கரை அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

உட்லண்ட்ஸ், ஜோகூர் பாரு எல்லைக் கடப்பைத் திட்டமிடும் சிங்கப்பூர், மலேசிய அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

சிங்கப்பூரிலிருந்து மலாக்காவுக்குச் சைக்கிளில் போய்வரும் ஒரு கூட்டம் இருப்பது நீங்கள் அறியாததல்ல. நீண்ட வாரயிறுதி வந்தால் விடிவதற்கு முன்பே பின்விளக்கு மினுக்க உங்கள் கேமராக்களில் தென்படுகிறவர்கள் நாங்கள்தான். மோட்டார்சைக்கிள் தடத்தில் வரச் சொல்கிறீர்கள், வருகிறோம். கடப்பிதழைக் கேட்டால் நீட்டுகிறோம், தலைக்கவசத்தைக் கழற்றச் சொன்னால் கழற்றுகிறோம். இத்தனை காலம் பெரிதாக முணுமுணுத்ததும் இல்லை. ஆனால் போன நீண்ட விடுமுறையின் கடைசி நாள் மாலை, எங்கள் குழுவில் மூத்தவரான ஓர் அக்கா, உட்லண்ட்ஸையும் ஜோகூர் பாருவையும் இணைக்கும் கடற்பாலத்தில் விழுந்த பிறகு, இனியும் எழுதாமல் இருப்பது சரியில்லை என்று தோன்றியது.

கேட்பது ஒன்றுதான். கடற்பாலத்திலும் அதன் இரு முனைகளிலும் சைக்கிளுக்கென்று ஒரு தனித் தடம்.

மலாக்கா பயணத்தை ஒருமுறை திட்டமிட்டுப் பாருங்கள், நான் சொல்வது விளங்கும். ஜோகூர் பாருவிலிருந்து ஸ்கூடாய் வரை லாரிகளோடு மல்லுக்கட்ட வேண்டும். அதைத் தாண்டி ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலையைப் பிடித்துவிட்டால் பொந்தியான், பத்து பகாட், மூவார் என்று சாலையே கூட்டிக்கொண்டு போய்விடும். ஏறத்தாழ 230 கிலோமீட்டர், பெரும்பகுதி சமதரை. பொந்தியான் பக்கம் அன்னாசித் தோட்டம், பிறகு செம்பனை, நடுநடுவே இளநீர்க் கடைகள். எங்கே தங்குவது, எங்கே டியூப் மாற்றுவது, பதினோரு மணி வெயிலுக்கு எங்கே ஒதுங்குவது என்பதெல்லாம் ஒரு மாலை உட்கார்ந்து பேசினால் முடிகிற விஷயம். முடியாமல் இழுப்பது கடற்பாலக் கணக்குதான். எந்த நாள் கிளம்புவது, எத்தனை மணிக்குத் திரும்புவது, எந்த நாட்டில் என்ன விடுமுறை, எந்தப் பள்ளி என்றைக்குத் திறக்கிறது! 230 கிலோமீட்டர் பயணத்தின் அட்டவணையை ஒரு கிலோமீட்டர் சொச்சம் நீளமுள்ள பாலம் முடிவு செய்கிறது. ஜோகூரில் வெள்ளியும் சனியும் வார விடுமுறையாக இருந்தவரை கொஞ்சம் இடைவெளி பார்த்து நுழையலாம். 2025 ஜனவரியிலிருந்து அங்கும் சனி, ஞாயிறு. இரு கரையும் ஒரே மாலையில் வீடு திரும்புகின்றன.

போகும்போது பெரிய சிரமமில்லை. விடியற்காலையில் மோட்டார்சைக்கிள் வெள்ளம் எதிர்த்திசையில், சிங்கப்பூர் நோக்கி வரும். திரும்பும்போதுதான் அந்த வெள்ளத்துக்குள் நாங்களும் இறங்க வேண்டியிருக்கிறது.

அந்த வரிசை எப்படி நகரும் என்பது உங்களுக்குத் தெரியும். இரண்டடி போகும், நிற்கும். மறுபடி இரண்டடி. மோட்டார்சைக்கிள்காரருக்கு மணிக்கட்டை லேசாகத் திருப்பினால் போதும். எங்களுக்கு அப்படியில்லை. இருபுறமும் பை தொங்கும் சைக்கிள், நின்ற இடத்திலிருந்து கிளம்பும் முதல் ஒன்றிரண்டு மீட்டர் ஆடும். யார் ஓட்டினாலும் ஆடும். வேகம் கூடினால்தான் நேராகும். அந்த ஆட்டத்துக்குக் கொஞ்சம் அகலம் வேண்டும். அந்த வரிசையில் இல்லாதது அதுதான். இடப்பக்கம் ஒரு கைப்பிடி, வலப்பக்கம் ஒரு கண்ணாடி, முன்னால் புகைக்குழாய். சூடான புகை முழங்காலில் அடிக்கும். இறங்கித் தள்ளலாம் என்றால் சைக்கிளோடு ஆளும் சேர்ந்து இரட்டிப்பு அகலம் ஆகிவிடும், பின்னாலிருந்து ஹார்ன் கிழியும். ஒதுங்கி நிற்கவும் வழியில்லை, இரு பக்கமும் தடுப்பு.

அக்காவின் பை ஒரு மோட்டார்சைக்கிளின் கால்மிதியில் மாட்டிக்கொண்டது. முன்னால் இருந்தவர் நகர்ந்தார், இவர் சாய்ந்தார். அவ்வளவுதான் நடந்தது. முட்டியிலும் முழங்கையிலும் தோல் போனது, பின்சக்கரம் கோணிக்கொண்டது. பின்னால் வந்த மலேசியத் தமிழ்த் தம்பி ஒருவர் தன் வண்டியைக் குறுக்கே நிறுத்தி மற்றவர்களைத் தடுத்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று இங்கே எழுத விரும்பவில்லை. மழைச்சட்டையும் முதுகுப்பையுமாக இரவு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர் அவர். அக்காவைத் தூக்கிவிட்டு, "இதுக்குள்ள ஏன்க்கா சைக்கிள்ல வர்றீங்க?" என்று கேட்டார். கோபமில்லை, உண்மையான கவலை.

வேறு வழி வைக்கவில்லை, தம்பி. அக்கா சொல்ல நினைத்து, வலியில் சொல்லாமல் விட்ட பதில் இது. நீங்கள் கேட்டுக்கொள்வதற்காக இங்கே எழுதுகிறேன்.

மோட்டார்சைக்கிளோட்டிகள் மேல் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. விடியுமுன் எழுந்து, இருட்டிய பின் வீடு சேரும் அவர்களுடைய வரிசைக்குள் பொழுதுபோக்குக்குச் சைக்கிள் ஓட்டும் எங்களை நுழைத்துவிட்டது அவர்களுக்கும்தான் அநியாயம். நாங்கள் ஒவ்வொரு முறை தடுமாறும்போதும் அவர்கள் தாமதமாகிறார்கள்.

விழுந்த மறுவாரம் ஓர் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினோம். எந்த அலுவலகம், எந்தக் கரை என்பது இங்கே வேண்டாம். உடனே பதில் வந்தது, அதற்கு நன்றி. எங்கள் கருத்து பதிவு செய்யப்பட்டதாம். நெரிசல் இல்லாத நேரத்தில் பயணம் செய்வது நல்லதாம். ஐயா, நெரிசல் இல்லாத நேரம் எது என்பதையும் ஒரு வரி சேர்த்து எழுதியிருந்தால் இந்த மடலுக்கே தேவை இருந்திருக்காது.

மாற்றுவழிகளைப் பார்க்காமல் பேசவில்லை. இரண்டாவது பாலமான துவாஸ் இணைப்பு இருக்கிறதே என்பீர்கள். இரு கரையிலும் அது விரைவுச்சாலையோடு போய்ச் சேர்கிறது, விரைவுச்சாலையில் எங்களுக்கு இடமில்லை. சாங்கி முனையிலிருந்து பெங்கெராங்குக்குப் படகு உண்டு, பன்னிரண்டு பேர் சேர்ந்தால் கிளம்பும். இனிமையான பயணம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது கொண்டுபோய் விடுவது ஜோகூரின் தென்கிழக்கு மூலையில். மலாக்கா இருப்பது மேற்கே. மடக்கு சைக்கிளைப் பேருந்தில் ஏற்றிப் போகலாமே என்று ஒரு நண்பர் சொன்னார். எல்லையை மட்டும் பேருந்தில் கடக்கும் சைக்கிள் பயணத்துக்கு என்ன பெயர் வைப்பது என்று அவரே சொல்லட்டும்.

சிங்கப்பூர் அதிகாரிகளுக்குத் தனியாக ஒன்று. 2030க்குள் தீவு முழுக்க 1,300 கிலோமீட்டர் சைக்கிள் பாதை என்று அறிவித்திருக்கிறீர்கள். வேலை நடக்கிறது, கண்ணால் பார்க்கிறோம், நல்லது. சாலையில் குழுவாகப் போனால் ஐந்து சைக்கிள் நீளத்துக்கு மேல் போகக்கூடாது என்று 2022இல் விதி போட்டீர்கள். அதையும் மதிக்கிறோம். பாலத்தில் எங்களுக்கு முன்னும் பின்னும் நூற்றுக்கணக்கான மோட்டார்சைக்கிள்கள் உறுமும்போது, அந்த ஐந்தை எங்கிருந்து எண்ணத் தொடங்குவது என்றுதான் புரியவில்லை. மலேசிய அதிகாரிகளுக்கும் ஒன்று: கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார்சைக்கிளுக்கென்று தனித் தடம் போட்டு உலகுக்கே வழிகாட்டியவர்கள் நீங்கள். சிறிய வண்டியைப் பெரிய வண்டியிலிருந்து பிரித்தால் உயிர் மிஞ்சும் என்பது உங்களுக்கு நாங்கள் சொல்லித்தர வேண்டிய பாடமா?

சுற்றுப்பயணிகளை வரவேற்கிறோம், கரிமத்தைக் குறைக்கிறோம், இரு நாட்டு உறவு வலுப்படுகிறது... கூட்டறிக்கைகளில் இதெல்லாம் தவறாமல் வருகிறது. கரிமமே விடாமல் எல்லை தாண்டுகிறவன் புகைக்குழாய்க்குப் பின்னால் நிற்கிறான். சரி, இது வேறு கதை. விஷயத்துக்கு வருகிறேன்.

இடமில்லை என்று சொல்லிவிடுவீர்களோ என்பதுதான் எங்கள் பயம். பாலத்தில் இடம் இருக்கிறது. சாலையை ஒட்டி ஒரு மீட்டர் அகல ரயில் தண்டவாளம் ஓடுகிறது. 1923இல் இந்தப் பாலத்தைக் கடந்தது முதலில் ரயில்தான். இன்று அதில் ஓடுவது உட்லண்ட்ஸுக்கும் ஜோகூர் பாருவுக்கும் இடையே போய்வரும் ஷட்டல் தெப்ராவ் ரயில் மட்டும். இரு கரையையும் இணைக்கும் புதிய ஆர்டிஎஸ் விரைவு ரயில் சேவை தொடங்கிய ஆறு மாதத்துக்குள் தெப்ராவ் நிறுத்தப்படும் என்று நீங்களே அறிவித்திருக்கிறீர்கள். ஆர்டிஎஸ் ஓடப்போவதோ தனிப் பாலத்தில். அப்படியானால் கடற்பாலத்துத் தண்டவாள இடம் என்ன ஆகப்போகிறது? இன்னொரு கார் தடமா?

2011இல் ரயில் சேவை உட்லண்ட்ஸோடு நின்றபோது, தஞ்சோங் பகாரிலிருந்து வடக்கே வந்த பழைய ரயில் நிலத்தைக் கட்டடங்களுக்குக் கொடுக்காமல், நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் 24 கிலோமீட்டர் பசுமைப் பாதையாக ஆக்கினீர்கள். அந்த ரயில் பாதையின் மிச்சம்தான் பாலத்தின் மேல் கிடக்கிறது. தெற்கே செய்ததை வடக்கே இன்னும் ஒரு கிலோமீட்டர் நீட்டுங்கள் என்கிறோம். உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியின் விரிவாக்கம் பல ஆண்டுத் திட்டம் என்பதால் சைக்கிளுக்கு ஒரு வாயிலை வரைபடத்தில் சேர்க்க இதுவே சமயம். கான்கிரீட் ஊற்றிய பிறகு கேட்டால் நீங்களும் கைவிரிப்பீர்கள், நாங்களும் வாயடைத்துப் போவோம்.

பாதுகாப்புச் சோதனையை எங்களுக்காகத் தளர்த்தச் சொல்லவில்லை. பையை இறக்கிக் காட்டச் சொன்னால் காட்டுகிறோம், வரிசையில் காத்திருக்கவும் தயார். தனித் தடம் தயாராகும்வரை நீண்ட விடுமுறைகளின் கடைசி நாள் மாலையிலாவது, மோட்டார்சைக்கிள் தடங்களில் ஒன்றின் ஓரத்தைக் கூம்புகள் வைத்து எங்களுக்குப் பிரித்துக் கொடுக்க முடியுமா என்று பாருங்கள்.

எனவே மீண்டும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். கடற்பாலத்தில் சைக்கிளுக்கு ஒரு தனித் தடம் வேண்டும். முடியாது என்றால் அதற்கான காரணத்தை எழுத்தில் தாருங்கள், அகலமா, செலவா, பாதுகாப்பா என்று தெரிந்தால் நாங்கள் அதற்கேற்பப் பேசுவோம். நேரில் வந்து அளவெடுப்பதாக இருந்தால் நாளைச் சொல்லுங்கள், சுமையேற்றிய சைக்கிள்களோடு நாங்களும் வருகிறோம். ஞாயிறு மாலையாகப் பார்த்துச் சொன்னால் நல்லது.

இப்படிக்கு,
மலாக்கா போய்வரும் சைக்கிளோட்டிகள் சார்பில்,
ஈசூன்வாசி ஒருவர்