மகள் நோட்டில் ஒரு மயிலாப்பூர்

யாங்கூன்
நவம்பர் மாதம்

அன்புள்ள கமலா,

உன் கடிதம் வந்து இரண்டு மாதமாகிறது. பதில் எழுதலாம் என்று உட்காருவேன், கரண்டு போய்விடும். கரண்டு இருக்கும் நேரத்தில் தண்ணீர் மோட்டார், சோறு, இஸ்திரி எல்லாவற்றையும் ஒரே ஓட்டமாக முடிக்க வேண்டும். அப்போது யார் பேனாவைத் தேடுவது? இன்று மெழுகுவத்தியை ஏற்றி வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே. கோயில் திண்ணையில் நாம் படித்த தமிழ்தானே, அப்போதும் கோணல்தான்.

என் முழங்கால் அப்படியே இருக்கிறது. வேலையை விட்டு ஒரு வருஷம் ஆகிறது. அவர் கடைக்குப் போய் வருகிறார். வியாபாரம் பற்றிக் கேட்காதே.

சின்னவள் என்ன செய்கிறாள் என்று கேட்டிருந்தாய். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. காலையில் ஜப்பானிய மொழி படிக்கிறாள். சாயங்காலம் ஒரு தையற்கார அம்மாவிடம் பேட்டர்ன், அதாவது துணி வெட்டும் மாதிரி, வரையப் போகிறாள். ராத்திரி துணி வரலாறு என்று எதையாவது போனில் வாசித்துக்கொண்டிருப்பாள். ஆரம்பத்தில் நான் கத்தினேன். "ஒன்று மொழி படி, இல்லை தையல் படி. இரண்டு தோணியில் கால் வைத்தால் நடு ஆற்றில்தான் விழுவாய்" என்றேன். இங்கே மொழி படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரே கணக்குதான். ஜப்பான் அல்லது கொரியா போக வேண்டும், வேலை கிடைக்க வேண்டும். 2024 பிப்ரவரியில் இங்கே அரசு கட்டாய ராணுவச் சேவை பற்றிச் சொன்ன பிறகு அந்த அவசரம் இன்னும் கூடிவிட்டது. அதில் துணியும் மணியும் எங்கே வந்தது என்பது என் எரிச்சல்.

என் எரிச்சல் இறங்கிய கதை ஒன்று உண்டு. உன்னிடம் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஹ்லைங்தாயா தையல் பேக்டரியில் நான் சாம்பிள் ரூம் பார்த்துக்கொண்டிருந்தேன் அல்லவா? இங்கே முக்கால்வாசி பேக்டரிகள் சி.எம்.பி. முறைதான். துணி வெளியிலிருந்து வரும், டிசைன் வெளியிலிருந்து வரும். நாம் வெட்டி, தைத்து, பெட்டியில் போட்டு அனுப்ப வேண்டும். ஒரு கொரியா ஆர்டர் வந்தது, குளிருக்குப் போடும் பனியன். எப்படித் தைக்க வேண்டும் என்று விவரம் எழுதி வரும் ஸ்பெக் தாளில் கைமுனைக்கு நேராக "ஷிபோரி" என்று எழுதியிருந்தது. என் டேபிளில் ஒரு புதுப்பெண், போனிலேயே பேஷன் படித்தவள். "அக்கா, ஷிபோரி என்றால் முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்ப்பது" என்றாள். நம் மதுரைச் சுங்குடி மாதிரி என்று சொன்னால் உனக்குப் புரியும். நானும் தலையாட்டினேன். அவள் கைமுனைகளை நூலால் கட்டி நீலத்தில் முக்கி எடுத்தாள். சும்மா சொல்லக் கூடாது, பார்க்க அழகாக இருந்தது. கையெழுத்துப் போட்டு அனுப்பியதும் நான்தான்.

அந்தப் பக்கமிருந்து வந்த பதிலை இங்கே எழுத மாட்டேன். கொரியாக்காரர்களின் தையல் பாஷையில் ஷிபோரி என்றால் கைமுனையிலும் கழுத்திலும் வைக்கும், இழுத்தால் நீளும் ரிப் துணி. அவ்வளவுதான். ஜப்பான்காரர்கள் அங்கே ஆண்ட காலத்துச் சொற்கள் இன்னும் அந்தத் தொழிலில் ஒட்டிக்கொண்டிருக்கின்றனவாம். தையல் மிஷினைக்கூட அவர்கள் "மிஷிங்" என்கிறார்கள். "மெஷின்" ஜப்பானுக்குப் போய் "மிஷின்" ஆகி, அங்கிருந்து கொரியாவுக்குப் போனது. மிஷின் மட்டும் நமக்கும் புரிகிற ஜப்பானியம்! இரண்டு வாரம் வீணாகிப் போனது. மானேஜர் முகத்தை ஒரு மாதம் நேரே பார்க்க முடியவில்லை.

வீட்டில் வந்து புலம்பினேன். சின்னவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் சொன்னாள்: "அம்மா, ரெண்டும் ஒரே சொல்தான். ஷிபோரு என்றால் பிழிவது, இறுக்குவது. துணியை இறுக்கிக் கட்டினால் சாயம் ஏறாது, அது ஷிபோரி. கைமுனையை இறுக்கிப் பிடிப்பதும் ஷிபோரி. ஓட்டலில் கை துடைக்கத் தரும் ஈரத்துண்டு ஓஷிபோரி." நான் முப்பது வருஷமாகத் துணியைத் தொட்டுக்கொண்டிருக்கிறேன். மொழி தெரியாமல் பனியனுக்குச் சுங்குடி கட்டினேன். அந்தப் புதுப்பெண்ணுக்கோ பேஷன் தெரிந்தது, அந்தச் சொல் எந்த ஊர் வழியாக வந்தது என்று தெரியவில்லை. அன்றிலிருந்து தோணிக் கதையை நான் எடுப்பதில்லை.

இனிதான் உன்னிடம் சொல்ல வேண்டிய விஷயம்.

நம் வீட்டு ஆண்கள் கட்டம் போட்ட கைலி கட்டுவார்கள் அல்லவா? இங்கே பர்மாக்காரர்கள் அந்தக் கட்டம் போட்ட லோஞ்சியை "பலேக்கட்" என்பார்கள். சின்ன வயதிலிருந்து கேட்ட சொல். என்றைக்காவது நாம் யோசித்தோமா? அது பழவேற்காடு! வெள்ளைக்காரன் வாயில் "புலிக்காட்" ஆகி, கப்பலேறி இங்கே வந்து பலேக்கட் ஆகிவிட்டது. மலாய்க்காரர்களும் "காயின் பெலிக்காட்" என்றுதான் சொல்கிறார்களாம். தேயின்ஜி சந்தையில் கடைக்காரி "பலேக்கட் வேண்டுமா" என்று நம்மையே பார்த்துக் கேட்பாள். நாமும் அதை ஏதோ பர்மியச் சொல் என்று நினைத்துக்கொண்டு பேரம் பேசினோம்.

அது போகட்டும். போன மாதம் அவள் நோட்டைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு ஓடி வந்தாள். ஜப்பானிய நெசவுச் சொற்களைத் தொகுத்துக்கொண்டிருந்தாளாம். கோடு போட்ட பருத்தித் துணி ஒன்றுக்கு அங்கே "சாந்தோமே" என்று பெயர். எந்த சாந்தோம் தெரியுமா? உன் சாந்தோம்தானடி! மயிலாப்பூர்க் கடற்கரையில் போர்ச்சுகீசியர் சாவோ தோமே என்று பெயர் வைத்துக் குடியிருந்தார்களே, அது. சோழமண்டலக் கரையின் கோட்டுத் துணி கப்பலில் ஜப்பான் போயிருக்கிறது. முதலில் போர்ச்சுகீசியர் கொண்டுபோனார்கள், அப்புறம் டச்சுக்காரர்கள். 1641-க்குப் பிறகு நாகசாகி துறைமுகத்துக்குள் ஐரோப்பியர்களில் டச்சுக்காரர்களை மட்டும்தான் விட்டார்கள். அந்த டச்சுக்காரர்களுக்கு இந்தப் பக்கம் கோட்டை எங்கே இருந்தது? பழவேற்காட்டில். 1613-இல் கட்டினார்கள். பார், சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து நிற்கிறது.

ஜப்பான்காரர்களுக்கு அந்தக் கோடு பிடித்துப்போய், அவர்களே நெய்ய ஆரம்பித்துவிட்டார்கள். சீமையிலிருந்து வந்த சாந்தோமே என்ற பொருளில் ஒரு நீளப் பெயர் வைத்து, அதைச் சுருக்கி "தோஸான்" ஆக்கினார்கள். அந்த "ஸான்"தான் நம் சாந்தோமின் மிச்சம். தோக்கியோவுக்குப் பக்கத்தில் கவாகொயே என்ற ஊர் அந்தத் துணிக்குப் பெயர்போனது. இன்னொன்று சொன்னாள், எனக்கு ரொம்பப் பிடித்தது. ஜப்பானிய மொழியில் கோட்டுக்கு "ஷிமா" என்று பெயர். தீவுக்கும் "ஷிமா". தென் தீவுகளிலிருந்து வந்த சரக்கு என்பதால் கோட்டுக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டதாம்.

நான் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். பருப்பு அடிப்பிடித்தது வேறு கதை.

இதனால் எல்லாம் எனக்கு அவள் மீது சந்தேகமே இல்லை என்று நினைக்காதே. இந்த ஊரில் மூன்று மாதப் பேஷன் கோர்ஸ் என்று போர்டு வைத்திருப்பவர்களைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும். கால் நீண்ட பொம்மை வரையச் சொல்லிக் கொடுப்பார்கள். ஒரு சட்டைக்குக் கை வைக்கத் தெரியாது. கழுத்துத் துணி சுருங்காமல் திருப்பத் தெரியாதவளை நான் டிசைனர் என்று ஒத்துக்கொள்ள மாட்டேன், அவள் எத்தனை மொழி பேசினாலும். அதனால்தான் காலேஜ் பேச்சு எடுப்பதற்கு முன்னால் தையற்கார அம்மாவிடம் போகச் சொன்னேன். அந்த அம்மா கண்டிப்பானவர். ஆறு மாதம் பித்தான் துளையே போட வைத்தார்.

கிமோனோ மாதிரி முன்னால் மடித்துக் கட்டும் ஒரு சட்டையை லோஞ்சித் துணியில் தைத்தாள். வலது பக்கம் மேலே வருமாறு வைத்துவிட்டாள். ஜப்பானிய ஆசிரியை பார்த்து ஒரு நிமிஷம் பேசவில்லையாம். அப்புறம் மெதுவாக, உயிரோடு இருப்பவர்களுக்கு இடது பக்கம்தான் மேலே வர வேண்டும், செத்தவர்களுக்குத்தான் மாற்றிக் கட்டுவார்கள் என்றாராம். பேட்டர்ன் புத்தகத்தில் இது எங்கே இருக்கும், சொல்லு? இங்கே பெண்கள் இடுப்பில் கட்டும் தமெயின் கொடியில் காய்ந்தால் ஆண்கள் அதன் கீழே போக மாட்டார்கள். இதெல்லாம் கூட இருந்து பேசிப் பழகினால்தான் வரும்.

அமரபுரத்துக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று ஆசை, வழி சரியில்லாததால் போகவில்லை. அங்கே நெய்யும் அலை அலையான பட்டுக்கு "லுன்தயா அச்செய்க்" என்று பெயர். லுன் என்றால் தறியில் ஊடை நூலை ஓட்டும் நாடா, தயா என்றால் நூறு. நூறு நாடா! ஒரே தறியில் இரண்டு பெண்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு நாடாவைக் கோத்துக் கோத்து நெய்வார்கள். ஒரு நாளில் சில அங்குலம் ஏறினால் பெரிது. உன் மாமியார் காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலை பற்றிச் சொல்வார் என்று எழுதியிருந்தாயே, கரைக்கும் உடலுக்கும் நிறம் மாற மூன்று நாடா, தறியில் இரண்டு பேர் என்று. அதை அவளிடம் படித்துக் காட்டினேன். "கோர்வை", "பாவு", "ஊடை", "முந்தி" என்று நோட்டில் பர்மிய எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டாள். அப்புறம் தானே கேட்டாள், "அம்மா, எனக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக் கொடு" என்று. பத்து வயதில் அடித்துக்கூட உட்காராதவள்! இப்போது "ழ" எழுதப் பழகுகிறாள். பழவேற்காட்டுக்கு அது வேண்டுமே.

சுவடி கட்டும் ரிப்பன் பற்றியும் சொல்ல வேண்டும். நம் ஓலைச்சுவடிக்குக் கயிறு மாதிரி இவர்களுக்கு "ஸஸிஜோ". விரல் அகலத்தில், பல முழ நீளத்தில், எழுத்துகளையே நெய்து வைத்திருப்பார்கள். யார் தானம் கொடுத்தது, என்ன வேண்டுதல், எல்லாம் நூலிலேயே இருக்கும். சடங்குகளில் படிக்கும் "கம்மவாசா" சுவடிகள் சிலவற்றின் ஏடே பழைய துணிதான். அரக்குப் பூசிப் பூசிப் பலகை மாதிரி ஆக்கி, மேலே எழுதுவார்கள். அந்தக் கொழுத்த எழுத்துக்குப் பர்மிய மொழியில் புளியங்கொட்டை எழுத்து என்று பெயர். பார்த்தால் நிஜமாகவே புளியங்கொட்டை மாதிரிதான் இருக்கும்.

நம் கார்த்திகையை ஒட்டி இவர்களுக்குத் தஸாங்டைங் பௌர்ணமி வருமே, ஷ்வேடகோன் பகோடாவில் விடிய விடிய காவித்துணி நெய்வார்களே, நீ போன பிறகு நான் அதைப் பார்க்கவே போகவில்லை. இந்த முறை அவள் இழுத்துக்கொண்டு போனாள். சாயங்காலம் பாவு ஏற்றி, விடிவதற்குள் நெய்து, புத்தருக்குச் சாத்த வேண்டும். அந்தத் துணிக்கு "மதோ திங்கான்" என்று பெயர். சோறு ஊசிப்போவதற்குத்தான் "தோ" என்பார்கள். ஊசிப்போகாத துணி! பெண்கள் தறி அடிக்கிற வேகத்தைப் பார்த்து என் கை தானாக ஆடியது. அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

டிசம்பர் முதல் ஞாயிறு அவளுக்கு ஜப்பானிய மொழிப் பரீட்சை. என்5-இலிருந்து என்1 வரை ஐந்து படி, இவள் என்2 எழுதுகிறாள். தேறினால் தோக்கியோ புன்கா பேஷன் காலேஜுக்கு எழுதிப் போடுவாளாம். யோஜி யமமோட்டோ, கென்ஸோ மாதிரிப் பெரிய டிசைனர்கள் எல்லாம் அங்கே படித்தவர்கள் என்று பெருமையாகச் சொல்கிறாள். பணம் எங்கிருந்து வரும் என்பதை நான் இரவில் யோசிக்கிறேன், பகலில் அவளிடம் கேட்பதில்லை. என் வளையல் இரண்டு இருக்கிறது.

உன்னிடம் ஒரு வேலை கொடுக்கிறேன், மறுக்காதே. ஒரு நாள் மகனைக் கூட்டிக்கொண்டு பழவேற்காடு போய் வா. ஏரியும் டச்சுக் கல்லறையும் இருக்குமாம், அதை எல்லாம் போட்டோ எடுத்துக்கொள். அங்கேயோ பக்கத்திலோ யாராவது இன்னும் தறியில் கட்டம் போட்ட துணி நெய்கிறார்களா என்று விசாரி. கிடைத்தால் ஒரு கைலித் துணி வாங்கி, யாராவது இந்தப் பக்கம் வந்தால் கொடுத்து அனுப்பு. சாயம் போகிறதா என்று நீ நனைத்துப் பார்க்காதே. அதை அவள் பார்க்கட்டும்.

மெழுகுவத்தி தீரப் போகிறது.

அன்புடன்,
மீனா