அந்தக் கருப்பு சாயமல்ல

ஆசிரியருக்கு,

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் உள்ள சான் இல்டிஃபான்சோ என்ற பழங்குடிக் கிராமத்துக் குயவர் மரியா மார்ட்டினெஸ் (1887–1980) பற்றிய கட்டுரையில், பானைக்குக் 'கருப்புச் சாயம்' பூசுவதாக எழுதியிருந்தீர்கள். அது தவறு. அத்தனையும் புகையின் வேலை.

மரியா தன் அத்தை நிக்கோலாசாவிடம் கற்ற முறையில் சக்கரம் கிடையாது. களிமண்ணில் எரிமலைச் சாம்பல் பிசைந்து, திரியாக உருட்டி வளையம் வளையமாக ஏற்றுவார்கள். மேலே செம்மண் குழம்பு தடவி, ஈரம் காயுமுன் கூழாங்கல்லால் தேய்க்க வேண்டும். காய்ந்துவிட்டால் மெருகு ஏறாது, கீறல்தான் விழும். தாய் தேய்த்த கல்லே மகள் கைக்கு வரும். அந்தக் கல்லைச் சொத்தாகவே மதிப்பார்கள்.

சூளையில் வறட்டி நன்றாகப் பற்றியதும், பொடித்த குதிரைச் சாணத்தைக் கொட்டி நெருப்பை மூடுவார்கள். காற்று அடைபட்டுப் புகை மண்ணில் ஏற, செம்பானை கருக்கும். மூட்டத்தில் சிறு ஓட்டை இருந்தாலும் அந்த இடம் பழுப்புத் திட்டாகிவிடும். பானையில் ஈரம் மிச்சமிருந்தால் வெடிக்கும். சூடு அதிகமானால் பளபளப்பு போய்விடும். அதனால் குறைந்த சூட்டில்தான் சுடுகிறார்கள். ஆகவே அதில் தண்ணீர் ஊற்றி வைத்தால் கசியும்.

பளபளப்பின் மேல் மங்கலாகத் தெரியும் கோலத்தை, சுடுவதற்கு முன் மண்குழம்பால் தீட்டியவர் கணவர் ஜூலியன். அவர் பெயரையும் சேர்த்துத் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்.

– ஒரு வாசகர், மானாமதுரை